எங்களுக்கும் நூறு மீட்டர்

பள்ளி விளையாட்டு விழா என்றாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்பதுகளின் தொடக்கத்தில், புதுச்சேரியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளியொன்றில் எட்டாவது படித்தேன். எல்லோருக்கும் பாடம் ஒன்று, பரீட்சை ஒன்று, பிரம்படியும் ஒன்றுதான். மைதானத்தில் மட்டும் நாங்கள் வேறு பிறவி. பையன்களுக்கு நூறு மீட்டர், இருநூறு மீட்டர், நீளம் தாண்டுதல். எங்களுக்கோ, வாயில் கரண்டியைக் கவ்விக்கொண்டு, அதில் வைத்த எலுமிச்சம்பழம் விழாமல் நடக்கிற போட்டி. வாயில் கரண்டி இருந்தால் எதிர்த்துப் பேசவும் முடியாது. எவ்வளவு வசதி பாருங்கள்!

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள் மில் தொழிலாளியின் மகள். மதியம் மில் வாசலில் அப்பாவிடம் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டு, மணி அடிப்பதற்குள் ஓடி வந்துவிடுவாள். எங்கள் வகுப்புப் பையன் எவனாலும் அவளைப் பிடிக்க முடியாது. ஊர்ப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் போட்டியில் பெண்களுக்கும் ஓட்டப் பந்தயம் உண்டு. அதில் ஓடவேண்டும் என்பதுதான் அவளுக்கு ஒரே ஆசை. பள்ளி விழாவில் ஜெயித்தவர்களைத்தான் அங்கே அனுப்புவார்கள். பள்ளி விழாவிலோ எங்களுக்கு ஓட்டமே கிடையாது. பிறகு எங்கே ஜெயிப்பது?

டிரில் மாஸ்டரிடம் போய்க் கேட்டோம்.

"எங்களுக்கும் நூறு மீட்டர் வைங்க சார். அவங்க ஓடுற அதே கோட்டுல ஓடிட்டுப் போறோம்."

"விழுந்து கைய கால ஒடச்சிக்கிட்டா, நாளைக்கு எவன்டி கட்டுவான் உங்கள?" என்று சிரித்தார். பையன்களும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும், "அவ எங்கள விட வேகம் சார்" என்றான். அவன் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

விழா அன்று விசில் ஊதியதும் என் தோழி நாலு அடி நடந்தாள். பிறகு கரண்டியைத் துப்பினாள், பாவாடையைத் தூக்கிச் செருகினாள், ஓடினாள். அடுத்த நொடி என் கரண்டியும் மண்ணில் கிடந்தது. ஒருத்தியைத் தவிர எல்லோரும் துப்பிவிட்டு ஓடினோம். அடடா, என்ன சுகமாக இருந்தது! அவள் எல்லைக்கோட்டைத் தாண்டியபோது நாங்கள் பாதித் தூரம்கூட வரவில்லை. பையன்களே கைதட்டினார்கள்.

பரிசு யாருக்கு? பயத்தில் பழத்தைக் காப்பாற்றிக்கொண்டு கடைசியாக நடந்து வந்த அந்த ஒருத்திக்கு.

மறுநாள் மாஸ்டரிடம் திரும்பவும் போய் நின்றோம். "அவ ஓடுனத நீங்களே பாத்தீங்க. அவள அனுப்புங்க சார்."

"சொன்ன பேச்சு கேக்காத பொண்ண வெளிய கூட்டிட்டுப் போயி நான் மாரடிக்கணுமா? போங்கடி!"

பையன்கள் மட்டும் போனார்கள். அவள் அழவில்லை. நான்தான் ஆத்திரத்தில் அழுதேன். சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்பார்கள். எது நியாயம் என்று எங்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. காது கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அடுத்த வருஷம் எலுமிச்சம்பழப் போட்டியை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. ஒருவழியாக நூறு மீட்டர் கிடைத்துவிட்டது என்று நம்பி, அவள் விழாவன்று எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்கு வந்துவிட்டாள். அங்கே எங்களுக்காகப் பாய் விரித்து, ஆளுக்கொரு குவியல் மல்லிகைப் பூவும் நூலும் வைத்திருந்தார்கள். பூத்தொடுக்கும் போட்டியாம். அவளை என் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு மாஸ்டர் மைக்கைப் பிடித்தார்.

"பொண்ணுங்கல்லாம் நல்லா கேட்டுக்குங்க. எழுந்திரிச்சா அவுட்!"