எந்தத் தெரு?

அருவருப்பு என்ற சொல்லை நான் பல்லிக்கும் சாக்கடைக்கும்தான் வைத்திருந்தேன். இஸ்திரி போட்ட சட்டையும் சிரித்த முகமுமாக இருக்கும் மனிதரிடமும் அது வரும் என்று, மதுரையில் ஒரு வேலைக்கு நேர்காணல் போன அன்றுதான் தெரிந்தது.

அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மதுரை என்றால் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வந்துவிடலாம். சென்னை என்றால் அவளைத் தனியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். இளையவர் என்னை போர்டில் புரோகிராம் எழுதச் சொன்னார். கணக்கு எளிதுதான். 'விலை.சந்தை.காம்' என்ற இணைய முகவரிக்கு ஒன்பது பேர் வந்தால், அந்த ஒன்பது 'சந்தை.காம்' கணக்கிலும் சேரும், கடைசியில் நிற்கும் 'காம்' கணக்கிலும் சேரும். இப்படி நிறைய முகவரிகளைக் கொடுத்தால், ஒவ்வொரு படிக்கும் மொத்தம் எத்தனை வருகை என்று சொல்ல வேண்டும். புள்ளி வரும் இடமெல்லாம் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கூட்டிக்கொண்டே போனேன்.

"சூப்பர், கிளீனா இருக்கு" என்றார் இளையவர். வேலை கிடைத்துவிட்ட மாதிரியே இருந்தது.

அப்போதுதான் மூத்தவர் செல்போனைக் கீழே வைத்தார்.

"மதுரையாம்மா?"

"பேரையூர்ப் பக்கம் சார்."

"அட, நம்ம பக்கம்! பேரையூர்ல எந்த ஊரு?"

சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அங்க நமக்குச் சொந்தக்காரவுக அம்புட்டுப் பேரு இருக்காக. நீ எந்தத் தெரு? கோயிலுக்குக் கிட்டயா, கம்மாய்க்கு அங்குட்டா?"

எங்கள் பக்கத்தில் யாரும் சாதியைச் சாதி என்று சொல்லிக் கேட்பதில்லை. ஊரில் தொடங்கித் தெருவில் முடிப்பார்கள்; கோயிலுக்குப் பக்கம் என்றால் ஒரு சாதி, கண்மாய்க்கு அந்தப் பக்கம் என்றால் இன்னொன்று. கல்லூரி விடுதியிலும் கேட்டார்கள், வாடகைக்கு அறை தேடியபோதும் கேட்டார்கள். ஆனால் இங்கே என் புரோகிராம் போர்டில் இன்னும் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவரும் என் முகவரியைப் புள்ளி புள்ளியாக வெட்டிக்கொண்டிருந்தார். பல்லி மேலே விழுந்த மாதிரி இருந்தது. இளையவரைப் பார்த்தேன். மனுஷன் லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. கேட்டவரைவிட இவரைப் பார்க்கத்தான் எனக்கு அதிகமாகக் கூசியது.

"கம்மாய்க்கு அங்குட்டுத்தான் சார்."

"சரி, சரி. சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்று மறுபடி செல்போனை எடுத்துக்கொண்டார். அவருக்கு நேர்காணல் முடிந்துவிட்டது.

அம்மாவின் முழங்காலை நினைத்து வாயை அடக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை.

"சார், போர்டுல இருக்கிற கணக்குப்படி, தெருவுக்கு ஒண்ணு கூடினா ஊருக்கும் ஒண்ணு கூடும், மதுரைக்கும் ஒண்ணு கூடும். நீங்க தெருவோட நிப்பாட்டிட்டீங்க."

இளையவர் எழுந்துபோய், தானே பாராட்டியதை ஒரு வரி விடாமல் துடைத்தார். "மெயில் அனுப்புறோம்" என்றார், போர்டைப் பார்த்தபடியே.

வீட்டுக்குப் போனபோது அம்மா காலை நீட்டி உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா கேட்டாக?"

"எந்தத் தெருன்னு கேட்டாக."

தேய்த்த கை நின்றது. எண்ணெய்க் கிண்ணத்தை மூடி ஓரமாக வைத்தாள்.

"அப்ப மெட்ராசுக்கு எப்பப் போற?" என்றாள்.