எலும்பு ஊசிக்கு ஓர் ஒத்திகை

அந்த ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அசையாதீங்க அக்கா' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். எம்.ஆர்.ஐ. அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மைக்கில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவள். படத்தில் எதைப் பார்த்தாலும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வாள். நோயாளிகள் எவ்வளவு கெஞ்சினாலும் "டாக்டர் சொல்வாங்க" என்பதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல் பெயராது.

புதிதாக வந்த ஸ்கேன் டாக்டருக்கு ஓர் ஆசை. எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் பிடிபடாத எலும்புக் கோளாறுகளை, எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துப் பார்த்தே ஊசி செலுத்தி, துணுக்கு எடுத்துப் பயாப்சி செய்துவிட வேண்டும். காந்தம் இழுக்காத ஊசிகள் வந்து சேர்ந்தன. நோயாளிமேல் கை வைக்குமுன் ஒத்திகை வேண்டுமே? கட்டை மாதிரிக் கிடக்கக்கூடிய, நோய்நொடி இல்லாத ஆள் தேவை என்றார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவளும் பெருமையாகவே கம்மலைக் கழற்றினாள்.

ஒத்திகையில் குத்துவது கிடையாது. இடுப்பில் ஊசி நுழைய வேண்டிய இடத்தில், படத்தில் பளிச்சென்று தெரியும் மீன் எண்ணெய் மாத்திரை ஒன்றை ஒட்டிப் படம் எடுப்பதோடு சரி. மெஷின் தடதடவென்று அடித்து ஓய்ந்தது. வெளியே பேச்சுமூச்சில்லை. அந்த மௌனம் அவளுக்குப் பழக்கம்தான். இத்தனை வருஷமாக அதை மற்றவர்களுக்குக் கொடுத்து வந்தவள் அவள்.

இறங்கியதும் கூட வேலை பார்ப்பவரைக் கேட்டாள். "இடுப்பெலும்புல என்னப்பா?"

அவர் திரையை மறைத்து நின்றுகொண்டார். "டாக்டர் சொல்வாங்கக்கா."

டாக்டர் சொன்னார். எலும்புக்குள் ஒரு நிழல். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். சி.டி.யில் தேடினார்கள், தட்டுப்படவில்லை. ஆக, ஒத்திகைக்கு வந்தவளே முதல் நோயாளி.

அவள் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்பவர். வாய் ஓயாத மனிதர். செய்தி கேட்டதிலிருந்து பேச்சு நின்றுபோனது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஏங்கிய அமைதி ஒருவழியாக வீட்டில் கிடைத்தது. அவளால்தான் தாங்க முடியவில்லை. "ஏதாவது பேசித் தொலைங்களேன்" என்று அதட்டினாள்.

"நீ இல்லாம நான் யார்கிட்ட பேசுறது" என்று சொல்லிவிட்டு அவர் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

பயாப்சி அன்று மரத்துப்போக மருந்து போட்டார்கள். கொஞ்சம் குத்துவதும், அவளை மெஷினுக்குள் தள்ளிப் படம் பார்ப்பதும், வெளியே இழுத்து மறுபடி குத்துவதுமாக வேலை நடந்தது. வலி பெரிதாக இல்லை. எலும்பைத் துளைக்கும் நறநறப்புதான் பல் வரை ஏறியது. கால் தானாக நடுங்க ஆரம்பித்தது. அடக்க அடக்க இன்னும் நடுங்கியது. கடைசியில் மைக்கில் சக ஊழியர், "அக்கா, அசையாதீங்க" என்று தயங்கிச் சொன்னார். அப்போது அவளுக்கு வந்த கோபம் யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

முடிவு வந்தது. அது வெறும் எலும்பு மஜ்ஜை. வயதானால் மஞ்சளிக்க வேண்டியது, அந்த இடத்தில் மட்டும் சிறுவயதுச் சிவப்பாகவே நின்றுவிட்டதாம். நோயே இல்லை. டாக்டர் மனசாரச் சந்தோஷப்பட்டார். ஆனாலும், இவ்வளவு பாடுபட்டு எடுத்த முதல் துணுக்கில் ஒன்றுமே இல்லையே என்கிற சின்ன ஏமாற்றம் அவர் குரலில் ஒட்டியிருந்தது.

ஊசிமுனை அவள் எலும்பில் நிற்கும் படத்தைப் பெரிதாக்கி நடைச் சுவரில் மாட்டினார்கள். வீட்டுக்காரர் தன் தங்கையை அழைத்து வந்து, வழியில் போகிறவர்களுக்கும் சேர்த்து விளக்கினார். நாத்தனார் தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணி, கல்யாண போட்டோவுல கூட நீங்க இவ்வளவு நல்லா விழலை."