மரிய ஜோசப் வாங்கிவைத்த படிப்பு

என் அக்கா சவரிமேரியைக் கட்டிய மரிய ஜோசப், கடலூரில் ஒரு சாயக் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். எந்த மிஷினுக்கு என்ன சாமான் தேவைப்படும் என்று மிஷினுக்கே தெரிவதற்கு முன்னால் வாங்கி அடுக்கிவைப்பார். அதில் கெட்டிக்காரர், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் சாயங்காலம் கம்பெனியைச் சாத்திய பிறகும் மனுஷன் ஸ்டோர் கீப்பராகவே முதுநகர் வீட்டுக்குத் திரும்பி வருவார். பெண்டாட்டி பிள்ளைகள் பட்ட பாடெல்லாம் அதனால்தான்.

பிள்ளைகள் மூன்று. நான் சொல்வது 2009ஆம் வருஷக் கதை. மூத்தவள் ஆரோக்கிய அனிதா பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தாள். அடுத்தவன் அருள் பிரகாஷ் ஆறாவதுக்குப் போகிறான். கடைக்குட்டி அமலி ஒண்ணாங் கிளாஸ். ஊரில் எல்லாரும் மே மாதக் கடைசியில், பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள் இருக்கும்போது, கடையில் முண்டியடித்து நோட்டும் பையும் வாங்குவார்கள். அவர்களைக் கண்டால் எங்கள் மாமாவுக்கு அப்படி ஓர் இளக்காரம்.

“கடைசி நேரத்துல ஓடுறவனுங்களுக்கெல்லாம் குடும்பம் எதுக்கு மச்சான்?” என்பார்.

இவர் ஈஸ்டர் முடிந்த வாரமே கிளம்பிவிடுவார். எங்கே? சிதம்பரத்துக்கு. அண்ணாமலை நகரில் நான் ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கடலூரில் இல்லாத கடையா? ஆனால் மேல வீதிப் பக்கம் கோவிந்தசாமி கடையில் போன வருஷத்துச் சரக்கை ஏப்ரலில் பாதி விலைக்குத் தள்ளுவார்கள் என்று நான்தான் ஒருமுறை வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்து வருஷா வருஷம் வந்து என்னையும் இழுத்துக்கொண்டு போவார்.

இவர் படியேறினாலே கோவிந்தசாமிக்கு முகம் மலர்ந்துவிடும். விற்காமல் கிடக்கும் சாமானெல்லாம் பரணிலிருந்து இறங்கும்.

அந்த வருஷம் முதலில் அமலிக்குப் பை எடுத்தார். பையா அது? அமலியை உள்ளே உட்காரவைத்து ஜிப் போடலாம். “பத்து வருஷம் உழைக்கும்” என்றார். கூடவே கெட்டி அட்டை போட்ட ஓர் அகராதி. இன்னும் ‘அ’ எழுதும்போது நாக்கைத் துருத்திக்கொள்ளும் பிள்ளைக்கு அகராதி! பிரகாஷ் பாவம், ஆறாவது போகிறோம், இனி பேனாவில் எழுதலாம் என்று ஆசையாக இருந்தான். அவனுக்கு ஒரு டஜன் நாலு கோடு நோட்டும் ஒரு பெட்டிப் பென்சிலும்.

“ஆறாவதுக்கு யாரு மாமா நாலு கோடு நோட்டு கேக்குறாங்க?”

“அவன் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்குது. கேக்கலன்னா நாம வாங்கக் கூடாதா?”

பிறகு அனிதாவின் முறை வந்தது. அவளுக்கு ரிசல்ட்டே வரவில்லை. மார்க் தெரிந்தால்தானே பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று தெரியும்? அதைத்தான் கேட்டேன்.

“ரிசல்ட்டு எதுக்கு? நான் கணக்குப் போட்டுட்டேன். முன்னூத்தி நாப்பது. முன்னப்பின்ன அஞ்சு.”

அந்த முன்னூற்று நாற்பது எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒன்பதாவது அரையாண்டில், அம்மை போட்டு எழுந்த மூன்றாம் நாள் எழுதிய பரீட்சையில் அவள் வாங்கிய மார்க். அதையே பிடித்துக்கொண்டு, முன்னூற்று நாற்பதுக்குத் தொழிற்பிரிவுதான், டைப்ரைட்டிங்தான், ஆபீஸ் வேலைதான் என்று முடிவுகட்டிவிட்டார். கோவிந்தசாமி ஸ்டூல் போட்டு ஏறி ரெண்டு டஜன் ஷார்ட்ஹேண்ட் நோட்டை இறக்கினார். தூசியில் மூன்று பேரும் தும்மினோம். அதன்மேல் ஒரு ரீம் டைப்பிங் பேப்பர், ரெண்டு பெட்டி கார்பன் தாள்.

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். அந்த நோட்டை நாலு வருஷமாக ஓர் ஈ காக்காய்கூடச் சீண்டவில்லை என்பது எனக்குத் தெரியும். கோவிந்தசாமிக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“இன்னா மச்சான், அனிதாவுக்கு இது சரிதான?” என்று மாமா கேட்டார்.

மணி ஒன்றரை. பிரியாணி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். “சரிதான் மாமா” என்றேன்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மே மாதம், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்காகக் கோவிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை வைத்தார்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு பேனாவைக் கொண்டுபோய் மந்திரித்து வாங்கினார்கள். எங்கள் மாமா ஆட்டோ வைத்து மொத்தச் சரக்கையும் கொண்டுபோய்ப் பீடத்துப் படியில் அடுக்கினார். பங்குச் சாமியார் மலைத்துப்போய், ஒருதரத்துக்கு மூன்றுதரம் தீர்த்தம் தெளித்தார். அமலியின் பைக்கு மட்டுமே அரைக் குவளை ஆகியிருக்கும்.

மே கடைசியில் ரிசல்ட் வந்தது. அனிதா ஐந்நூற்றுக்கு நானூற்று அறுபத்திரண்டு.

அக்கா தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தாள். மாமா மட்டும் மார்க் எழுதிய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எப்புடி இவ்ளோ வந்துச்சு?” என்றார். சரக்கு நூற்று இருபத்திரண்டு ஜாஸ்தி வந்து இறங்கினால் ஸ்டோர் கீப்பர் சந்தேகப்படத்தானே செய்வார்!

அனிதாவுக்கு முதல் குரூப் வேண்டும். அவளுக்கு உயிரியல் என்றால் பைத்தியம். அக்கா மீன் ஆயக் கொடுத்தால், புளி கரைத்துக் குழம்பு கொதித்த பிறகும் செவுளைப் பிரித்து வைத்துப் படம் போட்டுக்கொண்டிருப்பாள். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்க வேண்டும் என்று எட்டாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் மார்க்குக்குப் பள்ளிக்கூடத்திலும் முதல் குரூப்பில் இடம் ஒதுக்கிவிட்டார்கள். எந்த குரூப் என்று பாரத்தில் எழுதி, அப்பா கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

மாமா கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

“பொருளெல்லாம் வாங்கியாச்சு. வாங்குன பொருள வச்சிக்கிட்டு வேற படிப்பு படிப்பியா?”

“எனக்கு ஷார்ட்ஹேண்ட் வேணாம்பா. பயாலஜி வேணும்.”

“முன்னூத்தி நாப்பது எடுத்தவளே டைப் அடிப்பா. நானூத்தி அறுவத்திரண்டு எடுத்தவ இன்னும் நல்லா அடிப்ப இல்ல?”

இதற்கு என்ன பதில் சொல்வது? சொல்லுங்கள். அந்தப் பெண் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை காலையில் அக்கா எனக்குப் போன் போட்டாள். “தம்பி, நீயாவது வந்து சொல்லுடா. உம் பேச்சைத்தான் கேப்பாரு.”

போனேன். புதுச்சத்திரம் தாண்டும்வரை பஸ்ஸில் என்னென்னவோ பேசிப் பழகிக்கொண்டு போனேன். அங்கே போய் மாமா எதிரில் உட்கார்ந்ததும் என் வாயில் வந்தது, “கொஞ்சம் யோசிங்க மாமா” என்பதுதான்.

“இன்னாத்த யோசிக்கிறது? நீ கூட இருந்துதான வாங்குனோம்? சரிதான்னு நீயும்தான சொன்ன?”

சுவரோரம் உட்கார்ந்திருந்த அனிதா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

அதை மறைக்க, “அந்த நோட்டையெல்லாம் கோவிந்தசாமிகிட்டயே திருப்பிக் குடுத்துரலாம் மாமா, நான் பேசுறேன்” என்று சமாளித்தேன்.

மாமா துள்ளி எழுந்தார். “மந்திரிச்ச பொருள் மச்சான் அது! தீர்த்தம் தெளிச்சத மறுபடியும் யாவாரத்துக்கு அனுப்புறதா? பாவம் வந்து சேரும். கம்பெனியிலயே ஒருக்கா இஷ்யூ பண்ணத ஸ்டோருல திருப்பி வாங்க மாட்டேன் நான். இது சாமி பொருளு!”

அக்கா சமையல் கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்: “கடைக்குத்தாங்க குடுக்கக் கூடாது?”

“ஆமா.”

“சரி” என்று சொல்லி உலையில் அரிசியைப் போட்டாள்.

மறுநாள் ஞாயிறு பூசை. நானும் ஊருக்குத் திரும்பாமல் தங்கிக் கூடப் போனேன். கோவிலில் ரெண்டு வாரமாகவே உபதேசியார் தேவசகாயம் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்: சாயங்கால டியூஷனுக்கு வரும் ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டு, பங்கு அலுவலகத்துக்குப் பேப்பர், முடிந்தவர்கள் காணிக்கையாகக் கொண்டுவரலாம் என்று. காணிக்கை நேரம் வந்தது. சனம் பழமும் நோட்டும் மெழுகுவத்தியுமாக வரிசையில் நின்றது. தேவசகாயம் மைக்கைப் பிடித்தார்.

“ரெண்டு டஜன் நோட்டுகள், ஒரு ரீம் பேப்பர், கார்பன் தாள்… காணிக்கை அளிப்பவர் திரு. மரிய ஜோசப் குடும்பத்தினர்!”

மாமா ஆண்கள் பக்கம் ரெண்டாம் வரிசையில் நின்றிருந்தார். கழுத்தை நீட்டி மைக்கைப் பார்த்தார். அதற்குள் அக்கா கட்டைப்பையோடு வந்து அவர் கையில் திணித்தாள்.

“பேரு கூப்புடுறாங்க பாருங்க. எல்லாரும் பாக்குறாங்க. போங்க.”

மனுஷன் பையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பைக்குள்ளே அவருடைய சரக்கு. வெளியே, திரும்பிப் பார்க்கும் இருநூறு தலைகள். கடைசியில் தலைகள்தான் ஜெயித்தன. முதல் நாலு அடி தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி நடந்தார். அஞ்சாவது அடியில் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சாமியார் பையை வாங்கி, “நம் பங்கிலேயே இந்த வருஷம் பெரிய காணிக்கை இதுதான்” என்று சொன்னதும், ஆள் ஓர் அங்குலம் வளர்ந்தே திரும்பி வந்தார். பூசை முடிந்து வாசலில் பத்துப் பதினைந்து பேர் கைகுலுக்கினார்கள். “நம்மால முடிஞ்சது” என்று எல்லாரிடமும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இட்லியும் கறிக்குழம்பும் வைத்தாள் அக்கா. தட்டுக்குப் பக்கத்தில் பாரத்தையும் பேனாவையும் வைத்தாள்.

“மந்திரிச்ச பொருள் கோவிலுக்கே போயிருச்சு. பாவமும் இல்ல, சரக்கும் இல்ல. இப்ப எந்த குரூப்புன்னு எழுதட்டும்?”

மாமா ரெண்டு இட்லி சாப்பிடும்வரை யோசித்தார். பிறகு, ஏதோ அவருக்கே தோன்றின மாதிரி, “நானூத்தி அறுவத்திரண்டுக்கு முதல் குரூப்புதான சரி?” என்று கையெழுத்துப் போட்டார். அனிதா பாரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அழுததை அமலிதான் வந்து சொன்னது.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். தலைமை ஆசிரியையான கன்னியாஸ்திரி பாரத்தை வாங்கிக்கொண்டு அனிதாவைத் தட்டிக்கொடுத்தார். எங்கள் மாமா விடுவாரா? “நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன் சிஸ்டர், எம் பொண்ணு முதல் குரூப்புன்னு!” என்றார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிஸ்டர், வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலை மாமா கையில் கொடுத்தார்: ரெக்கார்டு நோட்டு, கிராப் நோட்டு, லாக் டேபிள், இன்னும் ஏழெட்டு.

வெளியே வந்ததும் மாமாவுக்குக் கண் மின்னியது. “மச்சான், மத்தியான பஸ்ஸுக்கே சிதம்பரம் போறோம். பிளஸ் டூவுக்கும் சேத்து இப்பவே எடுத்துருவோம். காலேஜிக்கு என்ன கேப்பாங்கன்னும் விசாரிச்சி…”

அனிதா அவர் கையிலிருந்த பட்டியலை எடுத்துக்கொண்டாள். பிடுங்கவில்லை. மெதுவாகத்தான் எடுத்தாள்.

“வேணாம்பா. நானும் அம்மாவும் போயி வாங்கிக்கிறோம்.”

“உங்களுக்கு இன்னா தெரியும்? எது நல்லது, எது வேணும்னு பாத்து வாங்க வேணாமா?”

“எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்பா. நீங்க ஒரு தடவகூடக் கேட்டதில்லையே.”

நல்ல பிள்ளையாகிவிட இதுதான் சமயம் என்று நான் உள்ளே புகுந்தேன். “நான் வரேம்மா உங்க கூட. எந்தக் கடைல எது நல்லாருக்கும்னு எனக்குத் தெரியும்.”

“நீங்களும் வேணாம் மாமா” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மரிய ஜோசப்பைப் பற்றி இவ்வளவு நேரம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேனே, அந்த வாசலில் அவருக்கும் எனக்கும் ஒரே இடம்தான் கிடைத்தது. அவர் கேட்காமல் வாங்கினவர், நான் தெரிந்தும் தலையாட்டினவன். அம்மாவும் மகளும் சாலையைக் கடந்து, பட்டியலைப் பிரித்துப் படித்துக்கொண்டே பஸ்ஸுக்கு நின்றார்கள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.