இஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்தவர்கள்

டிரைவருக்கு வரும் டீ வேறு, கண்டக்டருக்கு வரும் டீ வேறு. பஸ்ஸில் வேலை பார்க்காதவர்களுக்கு இது தெரியாது. புவனகிரி ஓட்டலில் எங்கள் வண்டி நின்றதும் முதல் டிக்காக்ஷனில் நுரை ததும்ப ஒரு கிளாஸ் அவருக்குப் போகும். எனக்கு வருவது பயணிகளுக்குப் போடுகிற கழுநீர். ஓட்டல்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. வண்டி அவர் கடை வாசலில் நிற்பதும் எதிர்க்கடை வாசலில் நிற்பதும் டிரைவர் பிரேக்கில் அல்லவா இருக்கிறது.

அறுபதுகளில் கடலூர் – சிதம்பரம் லைனில் ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். ஒரே வண்டி, ஒரே டிரைவர், ஏழெட்டு வருஷம். அவர் பரங்கிப்பேட்டைக்காரர், முஸ்லிம். நான் புவனகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவரை நான் மாமா என்பேன், என்னை அவர் மச்சான் என்பார். எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தம் என்று நினைத்துக்கொண்டு ஆலப்பாக்கத்தில் ஒரு கிழவர் என்னிடம் பெண் வீட்டார் எந்த ஊர் என்று விசாரித்தது உண்டு.

வெள்ளிக்கிழமை மதிய நடையில் கடலூர் ஓ.டி.யில், பழைய டவுனில், பள்ளிவாசலுக்கு அவர் போய்விடுவார். வண்டி தாமதம். பயணிகள் என் உயிரை எடுப்பார்கள். டைம் கீப்பரிடம் டயரில் காற்று குறைவு என்று நான் சொல்லும் பொய் அவருக்கே மனப்பாடம். மாமாவும் எனக்குச் செய்யாமல் இல்லை. சில்லறைக்காக ஒருவன் என் சட்டையைப் பிடித்தபோது, வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவனுடைய மூட்டையைத் தூக்கி ரோட்டில் வைத்துவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தார்.

ஆனால் பொறாமை இல்லாமல் எப்படி இருக்கும்? நான் ஒன்றும் சாமியார் இல்லை. பலாப்பழ சீசனில் அண்ணாகிராமத்துக்காரர்கள் பழத்தோடு ஏறினால் முதல் சுளை போவது டிரைவருக்கு. கல்யாணப் பத்திரிகை வைக்கிறவன் அவர் கையில் மஞ்சள் தடவிய கார்டைக் கொடுத்துவிட்டு, கண்டக்டர் சார், நீங்களும் வந்துடுங்க என்று என் பக்கம் ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போவான். பிள்ளைகள் கை காட்டுவது அவருக்கு. வண்டி சரியான நேரத்துக்குப் போய்விட்டால் டிரைவர் கெட்டிக்காரர், நேரம் தப்பினால் கண்டக்டர் ஏற்றிக்கொண்டே வந்தான். பேச்சும் ஏச்சும் எனக்கு, மாலையும் மரியாதையும் அவருக்கு. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன் என்றால், அவர் என்னுடைய டிரைவர் என்பதனால்.

அந்த நாளில் எங்கள் கம்பெனியில் டிரைவர், கண்டக்டர், ஷெட் ஆட்கள் எல்லாருக்கும் ஒரே சங்கம். தலைமை டெல்லியில், கிளை மெட்ராஸில், கடலூரில் ஒரு போர்டும் ஒரு பெஞ்சும். அந்தச் சங்கத்தால்தான் நான் வேலையில் இருந்தேன். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவன் கையில் டிக்கெட் இல்லை என்று செக்கர் ஒருமுறை என்மேல் ரிப்போர்ட் எழுதிவிட்டார். நான் கூட்டத்தைப் பிளந்து அவனிடம் போய்ச் சேருவதற்குள் செக்கர் ஏறிவிட்டார், அவ்வளவுதான் நடந்தது. வேலை இல்லை என்று முதலாளி அன்றைக்கே என் டிக்கெட் பையை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் காலை டிரைவர்கள் ஒருவரும் வண்டியை எடுக்கவில்லை. மதியத்துக்குள் பை என் தோளுக்கு வந்துவிட்டது. கண்டக்டர்கள் விசிலைக் கீழே வைத்திருந்தால் முதலாளி விசிலை வேறு ஆளிடம் கொடுத்திருப்பார்.

அப்படியிருக்க, டிரைவர்களுக்கு மட்டும் தனிச் சங்கம் என்ற பேச்சு கிளம்பியது. யாரோடும் சேராத, டெல்லியும் மெட்ராஸும் இல்லாத, சொந்தச் சங்கம். கிளப்பியவர் சிதம்பரத்தில் வேறொரு வண்டி ஓட்டிய மீசைக்காரர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வண்டி மோதினால் லைசென்ஸ் போவது டிரைவருக்கு, கோர்ட்டில் நிற்பது டிரைவர், அப்போது மெட்ராஸிலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும், வக்கீல் வரமாட்டார். இதை அவர் ஒவ்வொரு டீக்கடையிலும் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லா டிரைவர்களும் தலையை ஆட்டிவிட்டு, என் டிரைவர் என்ன சொல்கிறார் என்று பார்த்தார்கள். லைனில் மூத்தவர் அவர், ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை. அவர் போனால் எல்லாரும் போவார்கள். அவர் நின்றால் மீசைக்காரர் மீசையோடு தனியாக நிற்க வேண்டியதுதான்.

என்னிடம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடைவாய்ப் பல்லில் வலி என்றால் சொல்கிறவர், பெண்ணுக்கு வந்த வரன் பிடிக்கவில்லை என்றால் வீட்டில் சொல்வதற்கு முன் எனக்குச் சொல்கிறவர், இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் என் மதிப்பு இறங்கிப் போய்விடும் என்று ஒரு வீம்பு.

முடிவு செய்யும் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலூர் புதுநகரில் ஒரு சைக்கிள் கடை மாடியில். அன்று காலை சிதம்பரத்தில் மீசைக்காரரும் இன்னும் இரண்டு டிரைவர்களும் எங்கள் வண்டியில் ஏறினார்கள். ஏறி நேராகப் போய் இஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்தார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் இஞ்சினை மூடியிருக்கும் அந்தத் தகரப் பெட்டி, மேலே ஒரு கோணி போட்டிருக்கும், வேறு லைன் டிரைவர்கள் வந்தால் உட்காரும் இடம். கண்டக்டர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சுடும் என்பார்கள்.

வண்டி கிளம்பியது முதல் பேச்சு. நாலு தலையும் ஒன்றாகச் சாய்ந்திருந்தன. நான் பின்னால் நின்று பார்க்கிறேன், வாய் அசைகிறது, ஒன்றும் காதில் விழவில்லை. அந்த இஞ்சின் கத்துகிற கத்தலில் பக்கத்தில் இருப்பவனுக்கே காதோடு வாய் வைத்துப் பேச வேண்டும். புவனகிரியில் நாலு ஸ்பெஷல் டீ போயிற்று. முட்லூர் தாண்டியதும் மாமா எதற்கோ சிரித்தார். ஏழெட்டு வருஷமாக அந்தச் சிரிப்பு எனக்கு வருகிற சிரிப்பு. புதுச்சத்திரத்தில் மீசைக்காரர் அவர் தோளில் கை போட்டார்.

லைனில் ஒரு வழக்கம் உண்டு. பஸ்காரன் எந்த பஸ்ஸில் ஏறினாலும் டிக்கெட் இல்லை. 'ஸ்டாஃப்' என்று ஒரு வார்த்தை சொன்னால் கண்டக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போவான். இது டிரைவர் டிரைவருக்குச் செய்யும் உபசாரம் என்று அவர்கள் நினைப்பு. தலையை ஆட்டுவது கண்டக்டர். செக்கர் வந்து கேட்டால் பதில் சொல்வதும் கண்டக்டர்.

டிக்கெட் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். மீசைக்காரர் முன்னால் நின்று டிக்கெட் கேட்டேன். விளையாட்டு என்று நினைத்து, ஸ்டாஃப்பா, என்று சிரித்தார்.

"ஸ்டாஃப்னா டிரைவரும் கண்டக்டரும் சேந்ததுங்க. நீங்கதான் தனியாப் போறீங்களே. எடுங்க காசு."

முன் வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மீசைக்காரர் முகம் சிவந்தது. மற்ற இருவரும் என்னைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இப்போது இவர் யார் பக்கம் பேசுகிறார் பார்க்கலாம் என்று நின்றேன்.

வண்டி மெல்ல ஓரம் கட்டியது. ஆலப்பாக்கத்துக்கு இந்தப் பக்கம், புளியமரத்தடி. இஞ்சினை அணைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் தோளுக்கு மேலாக நீட்டினார்.

"எனக்கும் ஒண்ணு கிழி மச்சான்."

"நீங்க வண்டி ஓட்றீங்க மாமா."

"அவுங்களும் ஓட்றவங்கதான்."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் பலபேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். நான் கிழித்தேன். சிதம்பரம் டு கடலூர், முழு டிக்கெட், நாலு பேருக்கும். சில்லறையும் சரியாகக் கொடுத்தேன். அவர் தன் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். கடலூர் வரை இஞ்சின் பெட்டிமேல் பேச்சு இல்லை.

சாயங்கால நடையில் அந்த மூன்று பேரும் வரவில்லை. புவனகிரி ஓட்டலில் பின் அறையில் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். தனிச் சங்கம் என்று முடிவாகிவிட்டதாகவும், தன்னைத் தலைவராகப் போட்டிருப்பதாகவும் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் சாம்பாரை ஊற்றிக்கொண்டேன்.

"காலைல அவுங்ககிட்ட உன்னப் பத்தித்தான் பேசினு வந்தேன்," என்றார். "தனிச் சங்கம்னாலும் சரி, கண்டக்டருங்களயும் சேத்துக்கினாத்தான் நான் வருவேன்னேன். மீசைக்காரர் ஒத்துக்கல. மத்த ரெண்டு பேரும் சரின்ட்டாங்க. அவரும் எறங்கி வந்துக்கினு இருந்தாரு. அப்பதான் நீ வந்து டிக்கெட்டுன்ன."

அதற்கப்புறம் அவர் சொன்னது இது. மாடியில் அவர் கண்டக்டர் பேச்சை எடுத்ததுமே மீசைக்காரர் தங்கள் மூன்று டிக்கெட்டையும், மாமா சட்டைப் பையில் இருந்ததையும் எடுத்து மேஜைமேல் வைத்தாராம். ஓட்டுகிறவனுக்கே டிக்கெட் போடுகிற ஜாதி, இவர்களையா சேர்த்துக்கொள்வது என்றாராம். அத்தனை பேரும் சிரித்தார்களாம். எல்லாரும் கை தூக்கின பிறகு மாமாவும் தூக்கினாராம்.

கேட்டதும் எனக்கு வந்தது வருத்தம் இல்லை, கோபம். எனக்காகப் பேசினாரே, அதை என்னிடம் அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்? முந்தின நாள் அவரும் நானும் இதே இலைக்கு முன்னால்தானே உட்கார்ந்தோம்? என்னைப் பற்றி அவர்களிடம் சொன்னார், அவர்களைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை. சங்கம் போனது கூட எனக்கு அப்புறம்தான் உறைத்தது. முதலில் உறைத்தது அந்த இஞ்சின் பெட்டிதான்.

புதுச் சங்கம் கேட்டதில் ஒன்றை முதலாளி உடனே கொடுத்துவிட்டார். இனிமேல் எந்த டிரைவருக்கு எந்த கண்டக்டர் என்று டிரைவரே சொல்லலாம். அவருக்கு இதில் நஷ்டம் என்ன? கண்டக்டர்கள் எல்லாரும் டிரைவர் முகத்தைப் பார்த்து நடந்தால் அவருக்குத் தலைவலி ஜாஸ்தி இல்லை. மறுவாரமே மாமா ஷெட்டில் என்னைத் தேடி வந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பெண் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொல்ல வந்த மாப்பிள்ளை வீட்டார்போல இருந்தார்.

"உன்னத்தான் கேட்ருக்கேன் மச்சான். வேற யாரயும் பாக்கல. மேனேஜரும் சரின்ட்டாரு."

"நான் உங்களக் கேக்கறதுக்கு எங்க போய்க் கேக்கணும் மாமா?"

ஷெட்டில் யாரோ ஒரு டயரை உருட்டிக்கொண்டு எங்கள் நடுவே போனார்கள். நான் மேனேஜரிடம் போய் வடலூர் லைன் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே இருந்த டிரைவர் யாரையும் கேட்காதவர், யார் வந்தாலும் சரி என்று இருந்தவர்.

மாமா வண்டிக்கு வேறு ஒரு கண்டக்டர் வந்தான். கடலூர் ஸ்டாண்டில் சில நாள் இரண்டு வண்டியும் பக்கத்தில் நிற்கும். அவன் அவரை அண்ணன் என்று கூப்பிடுவான், அவர் வேட்டியில் ஒட்டிய கிரீஸைக் குனிந்து துடைத்துவிடுவான். நேரத்துக்கு வருகிறவன், செக்கர் வாயில் விழாதவன், யாரிடமும் சண்டை போடாதவன். நல்ல பையன் என்று லைன் முழுக்கச் சொன்னார்கள். எனக்கு அவனைக் கடைசிவரை பிடிக்கவில்லை.