காலியாக விட்டிருக்க வேண்டிய கட்டம்

மனைவியின் வளையல் காணாமல் போனபோது, தில்லி கரோல் பாக் காவல் நிலையத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 'யார் மீது சந்தேகம்' என்று ஒரு கட்டம் இருந்தது. முப்பது வருஷ சர்க்கார் குமாஸ்தா நான். எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டுப் பழக்கமில்லை. அன்று காலை குழாய் பழுதுபார்க்க வந்த பிளம்பரின் பெயரை எழுதினேன். மறுநாள் அவரைக் கைது செய்துவிட்டார்கள்.

பதறிப்போய் மாடி வீட்டு வக்கீல் அம்மாவிடம் ஓடினேன். மதுரைக்காரர், பட்டென்று பேசுவார். காவல் நிலையத்துக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டுச் சொன்னார்.

"சும்மா சந்தேகம்னு பிடிக்கக் கூடாது சார். நியாயமான காரணம் வேணும்னு சட்டமே சொல்லுது. அவங்க எழுதியிருக்கிற காரணம் என்ன தெரியுமா?"

"என்னம்மா?"

"நீங்க சந்தேகப்படுறீங்களாம். அவ்வளவுதான்."

படிவம் கேட்டதென்று நான் எழுதினேன், நான் எழுதினேன் என்று அவர்கள் பிடித்தார்கள். அந்த மனிதர் திருடினார் என்று எங்களில் ஒருவருமே நம்பவில்லை.

'அவர் வந்து போனார் என்பது தவிர எனக்கு ஒன்றும் தெரியாது' என்று எழுதி எடுத்துப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் படித்துவிட்டுச் சிரித்தார். "அச்சா அங்கிள்ஜி, இதை நேத்தே எழுதியிருக்கலாமே!"

சாயங்காலம் பிளம்பரை விட்டார்கள். கசங்கிய சட்டையோடு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க எழுதிக் கொடுத்ததாலதான் விட்டாங்களாம், சாப்ஜி. எனக்காக வேற யார் வருவாங்க?"

பெயரைக் கொடுத்தது யாரென்று அவருக்குத் தெரியவில்லை. பார்த்தவரிடமெல்லாம் கதை பேசுகிற நான், அதை மட்டும் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.