பாவா வீட்டு ஈஸ்ட் ஜாடி

செய்தி வந்தபோது அவருடைய ஜாடிக்குத்தான் கேழ்வரகுக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். திருத்தணியிலிருந்து காலை ரயிலில் அரக்கோணம் வந்து இறங்கிய ஆள், என் வீட்டு வாசலில் நின்றபடியே, "உங்க பாவா போயிட்டாருங்க" என்றான். காய்ச்சல் என்று மட்டும்தான் கேள்விப்பட்டிருந்தேன். ஜாடியை மூடிவிட்டுத்தான் அழுதேன். திறந்து போட்டால் அவர் திட்டுவார் என்ற பயம் அப்போதும் போகவில்லை.

வெங்கடேசலு பாவா என் அக்காவின் கணவர். அவர் காய்ச்சிய பீரைக் குடித்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலகச் சண்டைக் காலத்தில் பாட்டில் பீரெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட, அவரும் நானும் ஒரே சமயத்தில் வீட்டில் காய்ச்சத் தொடங்கினோம். ரயில்வே கார்டு டிசோசாவின் தயவில் எனக்கு பார்லியும், ஹாப்ஸ் என்னும் சீமைக் கசப்புப் பூவும் கிடைத்தன. பாவாவிடம் இருந்தது முளைகட்டிய கேழ்வரகு, மலையடிவாரத்தில் அவரே பறித்துவந்த நிலவேம்பு, ஆர்.கே.பேட்டைப் பனங்கள்ளின் அடிமண்டியிலிருந்து வளர்த்தெடுத்த ஈஸ்ட். ஜெயித்தது பாவாதான் என்பது ஊருக்கே தெரியும். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிசோசா வீட்டில் இருவர் பீரையும் வைத்தோம். பாவாவின் கூஜா வந்த வேகத்தில் காலியானது. என்னுடையது புளிப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. மரியாதையாகத் தள்ளி வைத்தார்கள். பாவாதான் முகர்ந்து பார்த்து, "மச்சான், இத்த ஆப்ப மாவுல ஊத்து, ஜோரா பொங்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து மிச்ச ஹாப்ஸைக் குப்பையில் கொட்டினேன்.

ஆடிக் கிருத்திகைக்கு மாலை போட்டுக்கொண்டால் பாவா வீட்டில் கள் வாடை ஆகாது. ஈஸ்ட் ஜாடி வெளியே போய்விடும். பட்டினி போட்டால் ஈஸ்ட் செத்துவிடும் என்பதால், கஞ்சி ஊற்ற நம்பிக்கையான ஆள் வேண்டும். வருஷா வருஷம் ஜாடி போனது டிசோசா வீட்டுக்கு. சொந்த மைத்துனன் நான் குத்துக்கல்லாக இருக்கிறேன்! கேட்டேவிட்டேன்.

"உங்கிட்ட குடுத்தா ஒரு கரண்டி எடுத்து உன் ஜாடியில ஊத்திக்குவே. அப்புறம் யாரப் பாத்து எரிஞ்சிகினு இருப்பே?" என்றார்.

அதற்காக அவரோடு வெகுநாள் பேசாமல் இருந்தேன்.

இந்த ஆடிக்கு முன்னால் டிசோசாவுக்கு மாற்றலாகிவிட்டது. ஜாடி என்னிடம் வந்தது. வேறு போக்கிடம் இல்லாமல் வந்தது என்றுதான் நினைத்தேன். கரண்டியைக் கையில் எடுப்பேன், வைப்பேன். ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை. மாலையைக் கழற்றிவிட்டு அவர் ஜாடியை வாங்க வருவார், அப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் ஜாடியை அக்காவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீயே வச்சிக்கடா. அந்த கார்டு இங்கியே இருந்தாலும் இந்த வாட்டி உனக்குத்தான்னு சொல்லிகினு இருந்தாரு. 'எல்லாரும் நல்லாகீதுன்னு சொல்லி மடமடன்னு குடிச்சிட்டுப் போறாங்க. உன் தம்பி ஒருத்தன்தான் மூஞ்சிய சுளிச்சிகினு கடைசி சொட்டு வரிக்கும் ருசி பாக்கறான். அவன் மூஞ்சிய பாத்துதான் நான் பக்குவத்த மாத்தறேன்'னு சொல்வாரு."

அக்கா அழுதாள். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. உயிரோடு இருக்கும்போது இதை என்னிடம் சொல்லியிருந்தால் என்ன, பாவா?

போன வாரம் அந்த ஜாடியை வைத்து, அடிவாரத்து நிலவேம்பு போட்டு, கேழ்வரகு பீர் காய்ச்சினேன். பழைய கூட்டம் வந்தது. ஒரு வாய் குடித்ததும், "ஆங், வெங்கடேசலு பீருங்க இது, அப்படியே!" என்றார்கள். அடுப்பு என்னுடையது, கேழ்வரகு என்னுடையது, வெந்த கையும் என்னுடையது. பெயரை மட்டும் அவர் விடமாட்டேன் என்கிறார்.

அவர் ஜாடி என்னிடம் இருக்கிறது. எதைப் பார்த்துப் பார்த்து அவர் காய்ச்சினாரோ, அந்த முகமும் என்னிடம்தான் இருக்கிறது. எல்லோரும் போனபின் என் தம்ளரை எடுத்தேன். நல்ல பீர். கடைசிச் சொட்டு வரை முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தேன்.