ஐந்தருவியில் கயிறு இழுத்தது

கடையத்தில் காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறினோம், நானும் என் மனைவியும். பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை. தென்காசிக்கு ஏறக்குறைய பதினெட்டு கிலோமீட்டர். பெண்களுக்குக் காசு கிடையாது. எனக்கு மட்டும் இருபது ரூபாய். மடியில் புளியோதரைத் தூக்குச்சட்டி, காலடியில் வடக்கயிறு. கயிறு எதற்கென்று தெரியாது. மருமகன் போனில் கேட்டார், எடுத்துக்கொண்டேன்.

போன காரணம் இது. மகள் முத்துவைத் தென்காசியில் கட்டிக்கொடுத்து எட்டு மாதம். கல்யாணத்தன்று சம்பந்திக்கு முதல் பந்தியில் இலை கிடைக்கவில்லை. என் தவறுதான். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. முத்துவையும் ஓர் இரவு தங்க விட்டதில்லை. காலையில் வந்தால் சாயங்காலம் போய்விட வேண்டும். இரண்டு குடும்பமும் ஒருநாள் சேர்ந்து விளையாடினால் சரியாகும் என்றார் மருமகன். எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்துவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

எட்டு மணிக்குத் தென்காசியில் ஆட்டோ. ஐந்தருவிக்கு இருநூற்றைம்பது.

"பங்குனில குத்தாலத்துக்கு எதுக்குப் போறீய அண்ணாச்சி? தண்ணி இல்ல. கொரங்குதான் கெடக்கு."

"விளையாட" என்றேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னை இரண்டு முறை பார்த்தார்.

அருவிப் பாறையில் ஈரக்கோடு மட்டும் இருந்தது. கடைகள் பாதி மூடிக் கிடந்தன. பக்கத்துத் தோப்பில் ஜமுக்காளம் விரித்துச் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "வாங்க" என்றார். அதோடு சரி.

ஒன்பதரைக்கு வாயில் கரண்டி, அதில் எலுமிச்சம்பழம் வைத்து நடக்கும் போட்டி. சம்பந்தி எனக்குப் பின்னால் வந்தார். நான் பழத்தைக் கீழே விட்டேன். அவர் ஜெயித்தார். முகம் மட்டும் இறுகியது.

பத்தரைக்குக் கிளித்தட்டு. தரையில் கட்டம் போட்டு, என்னை நடுக்கோட்டில் ஓடித் தொடும் கிளியாக நிறுத்தினார்கள். சம்பந்தி என் கைக்கு எட்டும் தூரத்தில் கடந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன் தொடல?"

"எட்டல அண்ணாச்சி."

"என்னவே, என்னய கெழவன்னு நெனச்சீரா?"

மரியாதை கொடுத்தால் கோபம் வருகிறது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பதினொன்றரைக்குக் கயிறு இழுக்கிற போட்டி. அந்தப் பக்கம் சம்பந்தி, மருமகன், முத்து. இந்தப் பக்கம் நான், என் மனைவி, மருமகனின் தம்பி. நான் கயிற்றைச் சும்மா பிடித்து நின்றேன். எதிரே இருந்து முத்து கத்தினாள்.

"யப்பா, பொம்ம மாதிரி நிக்காதீய. இழுங்க!"

அவள் கண் கலங்கியிருந்தது. ஏன் என்று தெரியவில்லை. இழுத்துவிட்டேன்.

மூன்று பேரும் விழுந்தார்கள். சம்பந்தி வெள்ளைச் சட்டையெல்லாம் செம்மண்.

"அய்யோ, என்ன காரியம் பண்ணுனீய!" என்றாள் என் மனைவி.

சம்பந்தி உள்ளங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் தடவை.

"இவ்வளவு தெம்ப வச்சுக்கிட்டா காலைலேருந்து என்னய ஏய்ச்சீரு? ஏலே, மறுபடி போடுலே கயித்த!"

இரண்டாவது தடவை அவர் ஜெயித்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு மணிக்குச் சாப்பாடு. இரண்டு வீட்டுச் சாப்பாடும் தனித்தனியாக இருந்தன. சம்பந்தி கை கழுவி வந்தார்.

"ஏட்டி முத்து, ஒங்கப்பா வீட்டுத் தூக்க இங்கன கொண்டா."

இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். "உப்பு கம்மி" என்றார். கை கழுவும்போது என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "பிள்ள நாலு நாள் அங்கன இருந்துட்டு வரட்டும்."

நாலரைக்குத் தென்காசியில் பஸ் ஏறினோம். எட்டு மாதம் விட்டுக்கொடுத்து நடக்காதது, ஒரு இழுவையில் எப்படி நடந்தது? கடையம் வரைக்கும் யோசித்தேன். இன்னும் விளங்கவில்லை.

திரும்பும்போதும் இருபது ரூபாய்தான். ஆனால் சீட்டில் மூன்று பேர். காலித் தூக்குச்சட்டியை முத்து மடியில் வைத்திருந்தாள்.